பத்துக்கு எத்தனை

கணுக்காலில் ஒன்று, முழங்காலுக்கு மேலே ஒன்று, தொடையில் ஒன்று என்று மூன்று பெல்ட் போட்டு என்னைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டிவிட்டாள் நிலோபர், இனி நினைத்தாலும் எழுந்து ஓட முடியாது. குப்புறக் கிடக்கிறேன். இடுப்பெலும்போடு கட்டில் முடிந்துவிட்டது, அதற்கு மேலே சௌரிராஜனாகிய நான் முழுக்கக் கட்டிலுக்கு வெளியே. இப்போதைக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி இருக்கிறது, அதில் கையை ஊன்றியிருக்கிறேன். அதை அவள் இழுத்ததும் கையிரண்டையும் மார்பில் குறுக்கே கட்டிக்கொண்டு தரைக்குச் சமமாக உடம்பை நிறுத்த வேண்டும். படுத்தபடி நிற்பது, இதற்கு என்ன வார்த்தை என்று தெரியவில்லை. தொண்ணூறு விநாடி. தொண்ணூறு விநாடி நின்றுவிட்டால் இன்னும் பத்தொன்பது நாளில் வருகிற கருட சேவைக்கு நான் பெருமாளைத் தூக்கலாம். விழுந்துவிட்டால் என் இடத்தில் வேறொருவன் தோள் கொடுப்பான், நான் தெருவோரம் நின்று கன்னத்தில் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். இந்தக் கணக்கை வைத்தது நிலோபர் இல்லை, என் பெண்டாட்டி. "அந்தப் பொண்ணு சரின்னு சொன்னாத்தான் வாகனத் தண்டுக்குக் கீழ போறீங்க, இல்லன்னா நானே வந்து வாகனத்துக்கு முன்னால உக்காந்துருவேன், அப்புறம் பெருமாள் பாத்துக்கட்டும்" என்று தமயந்தி சொன்னாள். சொன்னால் செய்வாள். உட்கார்ந்தே விடுவாள். ஊரே பார்க்க மேளக்காரர்களுக்கு நடுவில் சப்பணம் போட்டு உட்காருவாள். அதை நினைத்ததும் மூச்சை அடக்கிக்கொண்டேன் போலிருக்கிறது, வயிற்றை இறுக்காதீங்க மூச்சு விடுங்க என்று நிலோபர் இப்போதே சொல்கிறாள், இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. பிசியோதெரபி படித்த பெண், முப்பது வயதுகூட இருக்காது. மருந்துக்கடைக்கு மேலே ஒரு அறை, ஒரு கட்டில், இரண்டு பாய், சுவரில் தோல் உரித்த மனிதன் ஒருவனின் படம். இவள் சரி என்று சொல்ல வேண்டும் நான் பெருமாளைத் தொட. காலம் அப்படி. "நாந்தான் சொன்னேனேண்ணே, நேரம் மட்டும் கணக்கில்ல. நடுவுல கேப்பேன், பத்துக்கு எத்தனை வலின்னு. நாலுக்கு மேல போனா உடனே சொல்லிரணும், நாற்காலியப் போட்டுருவேன். ரெடியா?" நான் ம் என்றேன்.

நாற்காலி கரகரவென்று தரையில் இழுபட்டது. கையைக் கட்டிக்கொண்டேன். நிற்கிறேன். இவ்வளவுதானா, இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம். கீழே மொசைக் தரை, கறுப்பும் வெள்ளையுமாகக் கல், ஒரு கட்டெறும்பு எங்கேயோ அவசரமாகப் போகிறது. கழுத்தைத் தூக்காதீங்க, தரையப் பாருங்க. பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். அவள் விரல் இரண்டு என் இடுப்புக்கு மேலே முதுகெலும்பை ஒட்டி இடது பக்கம் அழுந்தியிருக்கிறது, அங்கேதான் இருக்கிறதாம் அந்தத் தசை, ஒவ்வொரு எலும்புக் கண்ணியையும் பக்கத்துக் கண்ணியோடு பிடித்துக் கட்டியிருக்கும் சின்னத் தசை, வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது, மேலே ஓடுகிற பெரிய தசைக்கு அடியில் ஒளிந்திருக்கும். ஸ்கேன் படத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துக் காட்டினாள் முதல் நாள். வலது பக்கம் கறுப்பாகத் திரண்டு இருந்தது. இடது பக்கம் பாதிதான், மீதி வெள்ளை வெள்ளையாக. அது என்னம்மா என்றேன். கொழுப்பு என்றாள். தசை இளைச்சு அந்த எடத்துல கொழுப்பு வந்து உக்காந்துருக்கு, வலி வந்த அன்னிக்கு அது வேலைய நிறுத்தியிருக்கும்ண்ணே, வலி போனாலும் அதுவாத் திரும்பி வராது, தனியாக் கூப்பிட்டு எழுப்பணும், அதுவரைக்கும் அது வேலையையும் சேத்துப் பெரிய தசைதான் பாக்கும், பாத்துப் பாத்து இறுகிப்போவும், அந்த இறுக்கந்தான் உங்களுக்குக் காலைல எழுந்ததும் கதவப் புடிக்கச் சொல்லுது. சரியாகத்தான் சொன்னாள், கதவைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருக்கிறேன் மூன்று வருஷமாக. மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிற தொழில் என்னுடையது, நாள் முழுக்கக் குனிந்து உட்கார்ந்திருக்கிறேன், அதனால் வந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். எதனால் வந்தால் என்ன. இருபத்தாறு வருஷம் கருடனைச் சுமந்த முதுகில் ஒரு தசை வேலைநிறுத்தம் செய்துவிட்டது, அதுவும் யாருக்கும் தெரியாமல், நோட்டீஸ்கூட ஒட்டாமல். பதினஞ்சு என்றாள் நிலோபர். பதினைந்துதானா. நான் நாற்பதாவது ஆகியிருக்கும் என்று நினைத்தேன். எறும்பு ஒரு கறுப்புக் கல்லிலிருந்து வெள்ளைக் கல்லுக்குப் போயிருக்கிறது, அவ்வளவுதான் நேரம்.

பத்துக்கு எத்தனைண்ணே. ரெண்டு. சொல்லிவிட்டேன். கேட்ட மாத்திரத்தில் நாக்கு தானாகச் சொல்லிவிட்டது, உடம்பைக் கேட்டுவிட்டுச் சொன்னேனா என்றால் இல்லை. உடம்பைக் கேட்டிருந்தால் ஐந்து என்று சொல்லியிருக்கும். நாக்குக்கு அந்தப் பழக்கம் இல்லை. கருட வாகனத்துக்குக் கீழே இரண்டு தண்டு, நீளமான மரம், ஒவ்வொன்றிலும் முன்னால் ஆறு பேர் பின்னால் ஆறு பேர், மொத்தம் இருபத்துநாலு தோள். வலது தண்டின் கடைசி ஆள் கலியபெருமாள் அண்ணன். கடைசியில் நிற்கிறவருக்குத்தான் எல்லார் காலும் தெரியும், அதனால் நட, நில், திரும்பு எல்லாம் அவர் குரல். ஒவ்வொரு தெரு முனையிலும் அவர் "எப்படி இருக்கார்?" என்று கேட்பார். நாங்கள் இருபத்துமூன்று பேரும் "பூ" என்போம். அவ்வளவுதான் பேச்சு. பெருமாள் பூவாக இருக்கிறார். தோல் உரிந்து சும்மாட்டுத் துணியில் ரத்தம் ஒட்டினாலும் பூ. தண்டுக்குக் கீழே போனவன் கனம் என்ற வார்த்தையையும் வலி என்ற வார்த்தையையும் வெளியே செருப்போடு விட்டுவிட்டுத்தான் போக வேண்டும், எழுதி வைத்த சட்டம் இல்லை, யாரும் சொல்லிக்கொடுத்ததும் இல்லை. ஒரு வருஷம் அச்சகத்தில் வேலை பார்த்த ஒருத்தன், பேர் குணசீலன், மூன்றாவது முனையில் எல்லாரும் பூ சொன்ன பிறகு, "கொஞ்சம் கனமாத்தான் இருக்குண்ணே" என்று சொல்லிவிட்டான். யாரும் அவனைத் திட்டவில்லை. மறு வருஷம் அவன் கையில் குடையைக் கொடுத்தார்கள். இன்றைக்கும் குடைதான் பிடிக்கிறான், நல்லாத்தான் பிடிக்கிறான், ஆனால் வாகனம் எழும்பும்போது அவன் எங்களைப் பார்க்கிற பார்வையை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பார்வை எனக்கு வந்துவிடக் கூடாது. முதல் நாள் நிலோபர் எப்படி இருக்கு என்று கேட்டபோது நான் பூ மாதிரி இருக்கும்மா என்று சொன்னேன், அவள் சிரித்துவிட்டு, பூவெல்லாம் வேண்டாம், நம்பர் சொல்லுங்க என்றாள். சரி, நம்பர்தானே. பூவுக்கு நம்பர் ஒன்று, ரொம்பப் போனால் இரண்டு.

நாப்பத்தஞ்சு. சரி பாதி. இடது பக்கம் அவள் விரலுக்குக் கீழே ஏதோ துடிக்கிறது, துடிக்கிறதா இல்லை அவள் விரல்தான் நடுங்குகிறதா. பாதி தாண்டிவிட்டது, வடக்கு வீதி முனை மாதிரி, அங்கே வந்துவிட்டால் பாதி ஊர்வலம் முடிந்தது என்று எங்களுக்குள் ஒரு கணக்கு. வடக்கு வீதியை நினைக்கக் கூடாது. போன வருஷம் அந்த முனையில், காலை ஏழு மணி இருக்கும், வெயில் நேராகக் கண்ணில், கலியண்ணன் திரும்பு என்றார், உள்பக்கம் இருப்பவன் காலை ஊன்றி நிற்க வேண்டும், வெளிப்பக்கம் சுற்றி வரும், நான் உள்பக்கம், இடது காலை ஊன்றினேன், ஊன்றிய கால் என் கால் இல்லை. ஒரு மூச்சு நேரம்தான். அந்த நேரத்துக்குக் கால் இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை, தோள் இறங்கியது, தண்டு இறங்கியது, ஒரு விரல்கடை அளவுக்கு. பிறகு கால் வந்துவிட்டது. எப்படி இருக்கார் என்று கேட்டார். பூ என்றேன், மற்றவர்களைவிடச் சத்தமாக. யாருக்கும் தெரியாது. பெருமாள் மாலை மட்டும் ஒரு தரம் ஆடி நின்றதைத் தெருவில் நின்ற ஒரு கிழவர் பார்த்துவிட்டு கோவிந்தா என்றார், அவர் பக்தியில் சொன்னார். ஒரு விரல்கடைதான். இரண்டு விரல்கடை என்றே வைத்துக்கொண்டாலும். மாலை ஆடியது என்றால் இரண்டு விரல்கடைக்கு மாலை அப்படி ஆடுமா? ஒரு வருஷமாக இதைத்தான் அளந்துகொண்டிருக்கிறேன், காயில் சுற்றும்போது, குளிக்கும்போது, தமயந்தி ஏதாவது சொல்லிக்கொண்டிருக்கும்போது. நாளாக நாளாக அது குறைய வேண்டும், எல்லாச் சங்கதியும் நாளானால் குறைகிறது, இது மட்டும் வளர்கிறது. ஆடி மாதம் நான்கு விரல்கடை ஆனது. தையில் ஒரு சாண். ஒரு சாண் இறங்கியிருந்தால் எல்லாருக்கும் தெரிந்திருக்கும், ஊரே பேசியிருக்கும், அதனால் ஒரு சாண் இல்லை. ஆனால் தண்டு இறங்கினால் அந்தச் சுமை எங்கே போகும்? காற்றிலா போகும்? அறுபதுண்ணே என்கிறாள். இதற்கு மேல் யோசிக்காதே, தரையைப் பார், எறும்பைக் காணவில்லை.

அறுபது. இனி முப்பதுதான். இடுப்புக்குக் கீழே இடது பிட்டத்தில் ஒரு சூடு தொடங்கியிருக்கிறது, அது எனக்குத் தெரிந்த சூடு, தொடை வழியாக இறங்கிக் குதிகாலுக்குப் போகும். இதை நான் அவளிடம் சொல்லவே இல்லை. கால்ல எரிச்சல், மரத்துப்போறது ஏதாச்சும் இருக்காண்ணே என்று முதல் நாள் தாளைப் பார்த்துப் பார்த்துக் கேட்டாள். அதெல்லாம் இல்லம்மா என்றேன். அவளும் இல்லை என்று டிக் போட்டாள். பாவம், அவள் கொடுத்த பயிற்சி எல்லாம் அந்த டிக்கின் மேல் நிற்கிறது. முதல் வாரம் கொடுத்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் வெட்கமாக இருக்கிறது, குப்புறப் படுத்துக்கொண்டு அவள் விரலுக்குக் கீழே இருக்கும் தசையை மட்டும் லேசாக உப்ப வைக்க வேண்டும், உடம்பு அசையக் கூடாது, வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு ஒருத்தன் தூங்குகிறான் என்றுதான் தோன்றும். இது ஒரு பயிற்சியா. கருடனைத் தூக்குகிறவனுக்கு இதுவா. முக்கினால் பெரிய தசை எழுந்துகொள்ளும், அது இல்லண்ணே, அதுக்கு அடியில இருக்கறது, மெதுவா, மெதுவா என்பாள், ஐந்து நாள் எதுவும் வரவில்லை, ஆறாவது நாள் அவள் விரலை மொட்டு மாதிரி ஏதோ ஒன்று தொட்டது. வந்துருச்சுண்ணே என்றாள், அவளுக்கே பரீட்சையில் பாஸ் ஆனது போல் இருந்தது. அதற்கு இரண்டு நாள் கழித்து ஒரு காலை, பாயிலிருந்து எழுந்து, முகம் கழுவி, டீ குடித்துவிட்டு, கடைத் தெருவில் நடக்கும்போதுதான் ஞாபகம் வந்தது இன்றைக்கு நான் கதவைப் பிடிக்கவில்லை என்று. தெருவில் நின்றுவிட்டேன். மூன்று வருஷத்தில் முதல் தரம். அழுகை வந்தது எனக்கு, மளிகைக்கடைக்காரர் பார்க்கிறார் என்று மூக்கைச் சிந்தினேன். அப்படியே அதே வழியில் போயிருக்க வேண்டும். ஆனால் தேதி நெருங்குகிறதே. மறுநாளே நம்பரைக் குறைத்துச் சொல்ல ஆரம்பித்தேன். ஒன்று என்றேன், மேலே ஏற்றினாள். முட்டி போட்டு ஒரு கையும் எதிர்க்காலும் நீட்டச் சொல்லி இடுப்பின் மேல் பிளாஸ்டிக் டம்ளரில் தண்ணீர் வைத்தாள், சிந்தினால் தப்பு. நான் சிந்தவில்லை, வாகனம் சாயாமல் நடக்கிற வித்தை எனக்குத் தெரியாதா, உள்ளே எது வேலை செய்கிறது எது செய்யவில்லை என்று டம்ளருக்குத் தெரியுமா. ஒன்று என்றேன். இன்னும் ஏற்றினாள். கதவைப் பிடிக்காமல் எழுந்த காலைகள் மொத்தம் நான்கோடு நின்றுபோயின, அதையும் அவளிடம் சொல்லவில்லை.

எழுவத்தஞ்சு, பத்துக்கு எத்தனை. ரெண்டு. குரல் எனக்கே வேறு யாரோ பேசுவது போல் கேட்டது. முகத்தப் பாத்தா ரெண்டு மாதிரி இல்லையேண்ணே. வேர்வைம்மா, கரண்டு இல்ல பாரு என்றேன், கரண்டு இருக்கிறது, மின்விசிறி தலைக்கு மேலே சுற்றுகிறது. எண்ணு. எழுபத்தாறு. சூடு முட்டிக்கு வந்துவிட்டது. உடம்பு முழுக்க நடுங்குகிறது, பெல்ட்டின் கொக்கி கட்டில் இரும்பில் டிக்டிக்கென்று தட்டுகிறது, எழுபத்தெட்டு, இந்தச் சத்தம் எனக்குத் தெரியும், வாகனத்தில் ஒரு ஆணி தளர்ந்தால் இப்படித்தான். சுமை எங்கே போகும். தண்டு இறங்கினால் சுமை பின்னால் நிற்கிறவன் தோளுக்குப் போகும், வேறு எங்கே போகும், இது தெரியாமலா இருபத்தாறு வருஷம் தூக்கினேன், தெரியும், தெரிந்தேதான் விரல்கடை கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் நிற்பது கலியண்ணன். ஐம்பத்தேழு வயது. வலது முட்டியில் நீர் கோத்திருக்கிறது அவருக்கு, தண்ணீர்த் தொட்டி மோட்டார் போடுகிற வேலையில் இருக்கிறார், தொட்டிப் படியில் ஏறும்போது ஒரு படிக்கு இரண்டு காலையும் வைத்து ஏறுகிறார், நான் பார்த்தும் பார்க்காதது போல் போயிருக்கிறேன். எண்பத்தொன்று. இந்த வருஷம் கால் ஒரு மூச்சுக்குப் போகாமல் இரண்டு மூச்சுக்குப் போனால்? அவர் முட்டி மடங்கும். கருடன் சாயும். இருபத்துநாலு பேரில் வயதில் பெரியவர், அவர்தான் கீழே இருப்பார், மேலே அத்தனை மரமும் வெள்ளித் தகடும். பெருமாளுக்கு ஒன்றும் ஆகாது, பெருமாளை நிமிர்த்திவிடலாம், பட்டரைக் கூப்பிட்டுச் செய்ய வேண்டியதைச் செய்துவிடலாம். கலியண்ணனை யார் நிமிர்த்துவது. எண்பத்து நான்கு. விட்டுவிடு. விடாதே. இப்போது விட்டால் குடை. எண்பத்தாறு. குதிகால் எரிகிறது, நெருப்பு மேல் வைத்தது போல, ஐயோ என்று வாய்வரை வந்ததைக் கடித்துக்கொண்டேன். எம்பத்தெட்டுண்ணே, எம்பத்தொம்போது.

தொண்ணூறு. நாற்காலி வந்தது, கை அதில் விழுந்தது. பெல்ட்டுகளைக் கழற்றினாள். கட்டிலில் ஏறிக் குப்புறவே கிடந்தேன், கன்னத்துக்குக் கீழே ரெக்சின் ஈரமாக இருந்தது. ஜெயித்துவிட்டேன். தமயந்தியிடம் போய்ச் சொல்லலாம். சந்தோஷம் வர வேண்டும், எங்கே அது, காத்திருக்கிறேன், வரவில்லை, இடது காலின் சுண்டுவிரல் இருக்கிறதா என்று அசைத்துப் பார்க்கிறேன், அசைகிறதா என்று தெரியவில்லை. நிலோபர் மேஜைக்குப் போய் என் தாளை எடுத்தாள். பேனாவைத் திறந்துவிட்டு எழுதாமல் நின்றாள். "நேரம் ஓகேண்ணே. நம்பர் ரெண்டு. பேப்பர் பிரகாரம் நீங்க தூக்கலாம். ஆனா ஒண்ணு சொல்லட்டுமா, என் விரலுக்கு அடியில இன்னிக்கு ஒண்ணுமே வரல. மேல இருக்கறதுதான் கத்திக்கிட்டு இருந்துச்சு. எனக்குப் புரியல. என் கையால தசையத் தொட முடியும், உங்க வலியத் தொட முடியாதுண்ணே. அது நீங்க சொல்றதுதான். நீங்க ரெண்டுன்னா நான் ரெண்டுன்னுதான் எழுதுவேன்." பேனா தாளைத் தொட்டது. எழுது, சீக்கிரம் எழுதிவிடு, எழுதிவிட்டால் முடிந்தது. இரண்டு என்று போட எவ்வளவு நேரம் ஆகும். அவள் நம்புகிறாள். எதை வைத்து நம்புகிறாள், ஒரு வளர்ந்த ஆள் தன் உடம்பைப் பற்றிப் பொய் சொல்ல மாட்டான் என்று நம்புகிறாள், தெரு முனையில் நாங்கள் பூ சொல்வதை இவள் கேட்டதில்லை. இந்தத் தாளில் இவள் எழுதப்போகிற இரண்டு, நான் சொன்ன இரண்டு, வைகாசியில் கலியண்ணன் முட்டியில் போய் இறங்கும். எனக்குப் பயமாக இருந்தது. விழுவதற்குப் பயமில்லை, குடைக்குக்கூட இல்லை, என் பின்னால் ஒருவர் கீழே கிடக்க, நான் முன்னால் நின்றபடி பூ என்று சொல்லிவிடுவேனோ என்று பயம். சொல்லுவேன். என் நாக்கை எனக்குத் தெரியும்.

எட்டு, என்றேன். கட்டிலைப் பார்த்துச் சொன்னது அவளுக்குக் கேட்கவில்லை. எட்டும்மா, ரெண்டு இல்ல, எட்டு. மொத தடவ கேட்டப்பவே அஞ்சு, அப்புறம் ஏழு, கடைசியில எட்டு. கால் எரியுது, குதிகால் வரைக்கும். சுண்டுவெரல் மரத்துருக்கு. மூணு வருஷமா இருக்கு. போன வருஷம் ஒருதரம் கால் விட்டுப்போச்சு. ஒன்று சொன்னதும் மற்றதெல்லாம் தானாக வந்தன, வாந்தி மாதிரி, நிறுத்த முடியவில்லை. அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை, அது இன்னும் சங்கடமாக இருந்தது. என்னைத் திருப்பிப் படுக்க வைத்து, கால் பெருவிரலை மேலே இழுக்கச் சொல்லி எதிர்த்து அழுத்திப் பார்த்தாள், சின்னச் சுத்தியால் முட்டியிலும் குதிகாலிலும் தட்டினாள், ஊசி முனையால் அங்கங்கே தொட்டு இங்க தெரியுதா இங்க தெரியுதா என்றாள். இந்த முறை தெரிகிற இடத்தில் தெரிகிறது என்றும் தெரியாத இடத்தில் தெரியவில்லை என்றும் சொன்னேன், அது ஒரு புதுப் பாஷை பேசுவது போல் இருந்தது. "பயப்படற மாதிரி இல்லண்ணே. பலம் இருக்கு. ஆனா அனுப்பின டாக்டரை நாளைக்கே ஒரு தரம் பாத்துருங்க, நான் எழுதித் தரேன். இன்னிக்குக் குடுத்த டெஸ்டே உங்களுக்குக் குடுத்திருக்கக் கூடாது. ரெண்டு வாரமா ஏத்தினது எல்லாம் பொய்யா ஏத்தினது." கொஞ்சம் குரல் உடைந்தது அவளுக்கு, கோபம்தான், அடக்கிக்கொண்டாள். "எனக்குத்தானே கெட்ட பேரு. சரி விடுங்க. முதல் நாள்லேருந்து ஆரம்பிக்கணும். அந்தச் சின்னது. அது வந்துச்சுல்ல, திரும்பவும் வரும். ஆனா மூணு மாசம் ஆவும். இந்த வருஷம் தூக்க முடியாதுண்ணே." தாளைக் கிழிக்கவில்லை, இதுவரை எழுதியிருந்ததன் மேல் ஒரு கோடு போட்டுவிட்டு அதன் கீழே புதிதாகத் தேதி எழுதினாள். தூக்க முடியாது என்பதை நான் இருபத்தாறு வருஷத்தில் முதல் தரமாகக் கேட்கிறேன். இடிந்துபோவேன் என்று நினைத்திருந்தேன். துக்கம் இருந்தது, நிஜமாகவே துக்கம், ஆனாலும் உட்கார்ந்திருந்தேன், சட்டைப் பொத்தானைப் போட முடிந்தது.

படியிறங்கினால் மனசு மாறிவிடும் என்று எனக்குத் தெரியும், அதனால் அறை வாசலிலேயே செருப்பைக்கூடப் போடாமல் போனை எடுத்துக் கலியண்ணன் பேரை அழுத்தினேன். நான்கு மணி, தொட்டியடியில் இருப்பார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க மாட்டார் என்று ஒரு நிம்மதி வந்த நேரம் எடுத்துவிட்டார். பின்னால் மோட்டார் இரைச்சல். "சொல்லுடா சௌரி." அண்ணே, இந்த வருஷம் என் எடத்துல வேற ஆளப் போட்டுருங்க என்றேன். இரைச்சல். கேட்டதா என்று தெரியவில்லை, அண்ணே, எனக்கு முதுகு வலிக்குது, மூணு வருஷமா வலிக்குது என்று இன்னும் சத்தமாகச் சொன்னேன், கீழே மருந்துக்கடைக்குக் கேட்டிருக்கும். அவர் போய் மோட்டாரை நிறுத்திவிட்டு வந்தார், அந்த நேரம் முழுக்க என் காதில் என் மூச்சு. "இப்பத்தான் வாயத் தொறந்தியா" என்றார். உங்களுக்குத் தெரியுமாண்ணே. "ஒன் பின்னாலதானடா நிக்கறேன். வடக்கு வீதியில திரும்பறப்ப ஒன் பங்கு எந்தோளுக்கு வர ஆரம்பிச்சு ரெண்டு வருஷமாவுது. போன வருஷம் மட்டும்னு நெனச்சியா?" விரல்கடையும் சாணும் அளந்துகொண்டு நான் உட்கார்ந்திருந்த ஒரு வருஷமும் அதற்கு முந்தைய வருஷமும் என் சுமை அவர் தோளில் இருந்திருக்கிறது, எனக்கே தெரியாமல் நான் கொடுத்தது. வெட்கம் காதுவரை ஏறியது. அப்ப ஏண்ணே கேக்கல என்றேன், கோபமாகக்கூடக் கேட்டேன் போலிருக்கிறது. "கேட்டனே. தெருவுக்கு ஒருதரம் கேட்டேன். நீ பூன்னுட்ட. அதுக்கு மேல என்னன்னு கேக்கறது." பிறகு அவர் குரல் இறங்கியது, பக்கத்தில் யாரோ இருப்பது போல. "சௌரி. நீ அன்னிக்கு வீட்டுல உக்காந்துராத. எம்பக்கத்துலயே வெளியில நடந்து வா. எங்கால மட்டும் பாத்துக்கிட்டே வா. முட்டி மடங்கற மாதிரித் தெரிஞ்சா நிறுத்தச் சொல்லிக் கத்திரு. நான் சொல்ல மாட்டேன்." கத்துறேண்ணே என்றேன்.